ஸ்டியரிங் பாக்ஸைப் பிரித்தவர்கள்

தொழிற்பேட்டையில் பீங்கான் லோடு ஏற்றும் லாரிகளில் பவர் ஸ்டியரிங் வைத்தது ஒன்றே ஒன்றுதான். அது ஜெயபிரகாஷுடையது. அதுவும் ஒன்பது நாளாக வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது.

எண்பத்தேழாம் வருடத்து வண்டி. தொண்ணூற்று மூன்றில் மூன்றாம் கையாக வாங்கியது. வாங்கிய புதிதில் டிரைவர் பக்கிரி அதை ஒற்றை விரலால் வளைத்துக் காட்ட, வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடம் கழித்து அதே ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அடியில் எண்ணெய் ஒழுகி மண் கறுத்துவிட்டது. ஆறு மாதத்தில் இது மூன்றாவது முறை.

ஓடாத வண்டியின் கண்ணாடியைப் பக்கிரி தினமும் காலை ஏழு மணிக்கு வந்து துடைத்தார். எப்போதோ லோடு மேலிருந்து விழுந்ததில் அவருடைய இடது முழங்கை முக்கால்வாசிக்கு மேல் நீளாது. மற்ற லாரிகளின் ஸ்டியரிங்கை அந்தக் கையால் திருப்ப முடியாது. ஊரில் அவரால் ஓட்ட முடிந்த லாரி இது மட்டும்தான்.

"தம்பி, ரைஸ்மில்லுல வாட்ச்மேனுக்கு ஆள் கேக்குறாங்க" என்றார் அன்று. "திங்கக்கெழம வந்து சேந்துக்கச் சொல்லியிருக்காங்க."

"ம்."

"ஸ்டூலு குடுக்குறாங்களாம். உக்காந்துக்கலாம்."

"ம்."

"இருவத்தாறு வருஷமா நான் உக்காந்துதான் வேல பாக்குறேன். என்னா, சீட்டு நவுந்துகிட்டே இருக்கும்."

ஜெயபிரகாஷ் நாளை எண்ணிப் பார்த்தான். அன்று புதன்கிழமை.

ஸ்டியரிங்குக்கு அடியில் எண்ணெயில் ஓடும் ஸ்டியரிங் பாக்ஸைச் சரிபண்ண யாரிடம் கொடுப்பது என்பதுதான் சிக்கல். இரண்டு முறையும் பிரித்துக் கட்டியவர் ராஜாங்கம். ஜங்ஷன் ரோட்டில் ஷெட் வைத்திருந்தார். ஜெயபிரகாஷின் மனைவி வெண்மதிக்குச் சித்தப்பா. வெண்மதி பதினான்கு மாதங்களுக்கு முன் காய்ச்சலில் இறந்துபோனாள். அதன் பிறகும் ராஜாங்கம் அவனை மாப்ள என்றுதான் கூப்பிட்டார். வேறு ஆளிடம் கொடுத்தால் அது நின்றுபோகலாம்.

தவிர, தேர்ந்தெடுக்கிற வேலை ஜெயபிரகாஷுக்கு விட்டுப்போயிருந்தது. காய்ச்சலின்போது இரண்டு ஆஸ்பத்திரிகள் இருந்தன. ஒன்றில் 'பார்க்கலாம்' என்றார்கள். இன்னொன்றில் 'நூத்துக்கு நூறு சரியாயிடும்' என்றார்கள். அவன் இரண்டாவதில் சேர்த்தான். அன்றிலிருந்து சட்டையைக்கூட அவன் தேர்ந்தெடுப்பதில்லை. கொடியில் எது முதலில் கைக்கு வருகிறதோ அதைப் போட்டுக்கொண்டான்.

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவன். ஒரு பீங்கான் கம்பெனியின் லேபில் வேலை. புதன்கிழமை மத்தியானம் லேப் பேப்பரில் மூன்று கேள்விகளை எழுதினான். எதனால் போயிற்று? எதை மாற்றுவீர்கள்? மறுபடி போனால் என்ன செய்வீர்கள்? மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முதலில் ராஜாங்கத்திடம் போனான்.

"எதனால போச்சு மாமா?"

"ரோடு சரியில்ல மாப்ள."

"எத மாத்துவீங்க?"

"ரப்பர் சீலு."

"போன தடவையும் சீலுதான் மாத்துனீங்க."

"அது போன தடவ சீலு. இது இந்தத் தடவ சீலு."

"மறுபடி போனா?"

"நான் எங்க ஓடிடப் போறேன்? இங்கதான இருக்கேன்." ராஜாங்கம் அப்போதுதான் பேப்பரைப் பார்த்தார். "என்னா மாப்ள இது, பரீட்ச வைக்கிற? வேற எவன்கிட்டயாவது போறதா இருந்தா போ. போயிட்டு இந்தப் பக்கம் வராத."

சாயங்காலம் பக்கிரியும் அவனும் பாக்ஸைக் கழற்றி அரிசிச் சாக்கில் கட்டினார்கள். வியாழக்கிழமை முதல் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, அதை ரயிலில் ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுபோனான்.

அங்கே ஒரு கடையில் ஸ்டியரிங் பாக்ஸ்களுக்கு வெள்ளி பெயின்ட் அடித்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பழையதைக் கொடுத்துவிட்டு அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம்.

"அஞ்சு நிமிஷ வேல சார்" என்றார் கடைக்காரர்.

"உள்ள என்ன மாத்தியிருக்கீங்க?"

"புதுசு மாதிரி சார்."

"தொறந்து காட்டுவீங்களா?"

"தொறந்தா கேரண்டி போயிடும். தொறக்காத வரைக்கும் நூத்துக்கு நூறு கேரண்டி."

ஜெயபிரகாஷ் பேப்பரை மடித்துப் பையில் வைத்தான். சாக்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "சார், சார், மூணு வருஷமா ஒரு கம்ப்ளைண்ட் வந்தது கெடையாது" என்று கடைக்காரர் வாசல் வரை வந்தார். திரும்பி வரும் ரயிலில் சாக்கு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வந்தது. அவன் நின்றுகொண்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை காலை பக்கிரி துணியைப் பிழிந்தபடியே சொன்னார். "மங்கலம்பேட்டையில கமாலுதீன்னு ஒருத்தரு இருக்காரு. சவூதியில பதினோரு வருஷம் மண்ணு அள்ளுற மிஷினெல்லாம் பாத்தவரு. ஒரே ஒரு கொறதான் சொல்றாங்க."

"என்ன?"

"எதையும் உறுதியா சொல்ல மாட்டாராம்."

ஜெயபிரகாஷ் சாக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனான்.

கமாலுதீன் பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பலகை தொங்கியது. பட்டறையில் செருப்பைக் கழற்றியது அவனுக்கு அதுதான் முதல் தடவை. கமாலுதீன் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பாக்ஸைப் பிரித்து, கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றாக வைத்தார். அதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு நடுவில் சுழலும் ஷாஃப்ட்டை வெளிச்சத்தில் பிடித்தார். மயிர் மயிராகக் கீறல்கள்.

"எதனால போச்சு பாய்?"

"தெரியல தம்பி."

ஜெயபிரகாஷ் அதைப் பேப்பரில் எழுதிக்கொண்டான்.

"எண்ணெயில என்னமோ பொடி இருக்குது" என்றார் கமாலுதீன். "காந்தம் வச்சுப் பாத்தேன், ஒட்டல. அதனால இரும்பு இல்ல. மணலுன்னா சவூதியில நெறைய பாத்திருக்கேன். இவ்ளோ நைசா பாத்ததில்ல."

ஜெயபிரகாஷ் எண்ணெயை விரலில் தொட்டு நகத்தில் தேய்த்தான். பிறகு முன்பற்களுக்கு நடுவே வைத்துக் கடித்தான்.

"தம்பி! எண்ணெய்யி அது!"

"பழக்கம்தான் பாய்." லேபில் தினமும் காலையில் களிமண் குழம்பை அப்படித்தான் பார்ப்பான். சல்லடையில் தப்பித்தது பல்லில் மாட்டிக்கொள்ளும். "இது குவார்ட்ஸ் பொடி. வெள்ளக்கல்ல அரைக்கிறது. எங்க கம்பெனி பொடிதான்."

பீங்கான் கம்பெனிகளைச் சுற்றியிருந்த வீடுகளில் அந்தப் பொடி படாத பாத்திரம் கிடையாது. குத்துவிளக்கு அதில்தான் பளபளத்தது. அடிப்பிடித்த சட்டி அதில்தான் வெளுத்தது. ராஜாங்கம் அதை விளக்கெண்ணெயில் குழைத்து இன்ஜின் வால்வு தேய்ப்பார். வால்வுக்குச் சரியாகத்தான் இருந்தது. ஸ்டியரிங் ஷாஃப்ட்டையும் அதே பொடியால் பளபளவென்று தேய்த்திருக்கிறார். ஒட்டிக்கொண்ட பொடி எண்ணெயோடு சுற்றிச் சுற்றி வந்து, எண்ணெய் ஒழுகாமல் பிடிக்கும் புது ரப்பர் சீலைத் தின்றிருக்கிறது. இரண்டு முறையும்.

அந்தப் பொடியை லேபிலிருந்து டப்பாவில் போட்டு எடுத்துவந்தது ஜெயபிரகாஷ். சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தது வெண்மதி.

"எத மாத்துவீங்க?" என்று கேட்டான்.

"சீலு, பேரிங்கு. கீறல் ஆழமில்ல, எடுத்துடலாம். பம்பையும் கொண்டாங்க. எண்ணெய் டேங்கு, ஓஸு எல்லாத்தையும் கழுவணும். ஒரு சிட்டிக உள்ள தங்குனாலும் நான் செஞ்சதெல்லாம் வீணு. முன்னாடி பிரிச்சவரையும் கூட்டிட்டு வாங்க. எங்கெங்க போட்டாருன்னு அவருக்குத்தான் தெரியும்."

"மறுபடி போனா?"

"போவாதுன்னு நான் சொல்ல முடியாது தம்பி. போனா கொண்டாங்க. ஏன் போச்சுன்னு பாக்கணும்ல?"

"பாக்ஸ் இங்கயே இருக்கட்டும்" என்றான் ஜெயபிரகாஷ். அப்படிச் சொல்லிவிட்டதை பஸ்ஸில் உட்கார்ந்து பாதி தூரம் வந்த பிறகுதான் கவனித்தான்.

சனிக்கிழமை காலை ராஜாங்கத்தின் ஷெட்டுக்குப் போனபோது அவர் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கால்களிடம் சொன்னான்.

"மாமா, பாக்ஸ மங்கலம்பேட்டையில குடுத்துட்டேன்."

ஸ்பேனர் சத்தம் நின்றது. "குடு. எனக்கென்னா."

"ஷாஃப்ட்டுக்குப் பொடி போட்டீங்களா?"

"எல்லாத்துக்கும்தான் போடுறேன். பளபளன்னு இருந்துச்சா இல்லியா?"

"அதுதான் சீலத் தின்னிருக்கு."

ராஜாங்கம் வெளியே வந்தார். பலகை மேலிருந்த டப்பாவைப் பார்த்தார். "வெண்மதி பாப்பா குடுத்த பொடி அது."

"நான் குடுத்தனுப்புனது."

"அப்ப தப்பு யாருது?"

"ரெண்டு பேருதும்."

ராஜாங்கம் டப்பாவின் மூடியை இறுக்கினார். "அந்த பாய் என்னா, பெரிய ஆளா? பாத்ததும் கண்டுபுடிச்சிட்டாராக்கும்."

"தெரியலன்னு சொன்னாரு. உங்களத்தான் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"தெரியலன்னா? ஒரு மெக்கானிக்கு அவன் வாயால தெரியலன்னு சொன்னானா?" ராஜாங்கம் கையைத் துடைத்தார். "வா மாப்ள. அந்த ஆள நான் பாக்கணும்."

போய் லாரியிலிருந்து பம்பைக் கழற்றித் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். சண்டைக்குத்தான் போனார். ஆனால் செருப்பைக் கழற்றுவதிலேயே பாதிச் சண்டை முடிந்துவிட்டது. மீதியை வெள்ளைத் துணிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து மத்தியானம் வரை போட்டார்கள்.

"இங்க போட்டேன். இங்கயும் போட்டேன்" என்று தொட்டுத் தொட்டுக் காட்டினார் ராஜாங்கம். "இதுல போடல." கமாலுதீன் அவர் முகத்தையே பார்த்தார். "போட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பாக்ஸும் பம்பும் வண்டியில் ஏறின. டேங்கையும் ஓஸையும் ராஜாங்கம் மூன்று தடவை டீசலில் கழுவினார். நாலாவது தடவை கழுவிய டீசலை ஜெயபிரகாஷ் பல்லில் வைத்துப் பார்த்தான். ஒன்றும் நெறுநெறுக்கவில்லை. புது டப்பா எண்ணெயை ஊற்றினார்கள்.

பக்கிரி ஏறி வண்டியைக் கிளப்பினார். இடது கையை ஸ்டியரிங்கில் வைத்தார். முழங்கை மடங்கியது மடங்கியபடியே இருக்க, சக்கரம் இந்தக் கடைசிக்குத் திரும்பியது. பிறகு அந்தக் கடைசிக்கு. அவர் இன்னொரு தடவை திருப்பினார். இன்னொரு தடவையும். ராஜாங்கம் அடியில் தினத்தாள் விரித்துக்கொண்டு சொட்டு விழுகிறதா என்று பார்த்தபடி படுத்திருந்தார்.

"தம்பி, எத்தினி நாளைக்குத் தாங்கும்?" என்று பக்கிரி மேலேயிருந்து கேட்டார்.

"தெரியல."

"பாய் என்னா சொன்னாரு?"

"அவருக்கும் தெரியல."

"ராஜாங்கம் என்னா சொல்றாரு?"

"தெரியல!" என்று லாரிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

பக்கிரி இன்ஜினை நிறுத்தினார். "நாளைக்குத் திங்கக்கெழம. ரைஸ்மில்லுக்கு நான் என்னா சொல்லட்டும்?"

ஜெயபிரகாஷ் வண்டியைப் பார்த்தான். தினத்தாள் காய்ந்துதான் இருந்தது. காய்ந்திருப்பதற்கு இதுவரை பத்து நிமிடம்தான் சாட்சி.

"வரலன்னு சொல்லிடுங்க."

"நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். காலையில கடலூருக்கு ஜாடி லோடு இருக்கு. ஆறு மணிக்கு எடுக்கணும். சீட்டுக்கு அடியில ஒரு டின் எண்ணெய் வச்சிக்குங்க."

"ரெண்டா வச்சிக்கிறேன்" என்றார் பக்கிரி.