கைக்கு எட்டாத பட்டன்

மாலை நாலு பத்துக்கு அண்ணி அவனுக்குப் போன் செய்தாள். வேலை நேரத்தில் அழைக்கிற வழக்கமே அவளுக்குக் கிடையாது.

"தம்பி, விண்ணப்பம் எல்லாம் முடிச்சுட்டேன். அனுப்புற பட்டன்தான் எங்க இருக்குன்னே தெரியல. அரை மணி நேரமா தேடிட்டிருக்கேன்."

அண்ணிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பதினோரு வருடமாக ஒரு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை. கணினியை மவுஸ் தொடாமல் விசைப்பலகையாலும் காதாலுமே ஓட்டுவாள். திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளை அவள் வைத்திருக்கும் வேகத்தில் கேட்டால் மற்றவர்களுக்குத் தலை சுற்றும். வேலை பார்த்துக்கொண்டே படித்து ஆசிரியர் பட்டம் வாங்கியிருந்தாள். பள்ளி ஆசிரியர் பணிக்கு நாலு வருடத்துக்கு ஒருமுறைதான் ஆள் எடுப்பார்கள். வயது வரம்பு நாற்பது, அண்ணிக்கு இப்போது முப்பத்தொன்பது. இன்று ஐந்து மணியோடு இணையத்தில் விண்ணப்பப் பக்கம் மூடிவிடும். மருத்துவமனை தர வேண்டிய தடையில்லாச் சான்றிதழை இழுத்தடித்து இன்று மதியம்தான் கையில் கொடுத்திருந்தார்கள்.

அந்த விண்ணப்பப் பக்கம் அவன் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தது. எது தலைப்பு, எது பத்தி, எது பட்டன் என்று உலாவிக்குப் புரிகிற மாதிரி எழுதுவதும், திரையில் எது எங்கே உட்கார வேண்டும் என்று அடுக்குவதும்தான் அவனுடைய பிழைப்பு.

"லைன்லயே இருங்க அண்ணி. ரெண்டு நிமிஷம்."

சோதனைப் பிரதியைத் திறந்தான். மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையை மட்டும் தட்டி ஒவ்வொரு கட்டமாகத் தாண்டிக்கொண்டே போனான். பெயர், முகவரி, சான்றிதழ், உறுதிமொழி. அடுத்த தட்டில் பட்டனுக்குப் போகாமல் நேராகப் பக்கத்தின் அடியில் இருந்த 'தொடர்புக்கு' என்பதில் போய் நின்றது. நடுவில் பச்சைப் பசேலென்று உட்கார்ந்திருந்த 'சமர்ப்பி' பட்டனைக் கண்டுகொள்ளவேயில்லை.

பக்கத்துக்குப் பின்னால் எழுதியிருந்த குறிமொழியைத் திறந்து பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அது பட்டனே இல்லை, ஒரு வெற்றுப் பெட்டி. 'சமர்ப்பி' என்ற சொல்கூட எழுத்தாக இல்லாமல் பின்னணிப் படமாக ஒட்டப்பட்டிருந்தது. மவுஸ் வைத்திருப்பவனுக்கு அது பட்டன், அண்ணியின் மென்பொருளுக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

"போன்ல திறந்து பாத்தீங்களா அண்ணி?"

"பாக்காம இருப்பேனா? விரல் வச்ச இடத்துல எல்லாம் 'இன்றே கடைசி நாள், இன்றே கடைசி நாள்'னு கத்துது. தெரியுது, விடுறான்னுட்டு மறுபடி கம்ப்யூட்டருக்கு வந்துட்டேன்."

'இன்றே கடைசி நாள்' என்ற அந்தச் சிவப்புப் பட்டையைக் காலையில் போட்டவனே அவன்தான். கல்வித் துறை அதிகாரி கேட்டார் என்று பத்து நிமிடத்தில் போட்டது. போனின் சிறிய திரையில் அது சரியாகப் பட்டன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது.

"அக்கம்பக்கத்துல யாராவது..."

"உங்க அண்ணன் லோடு ஏத்திட்டு வெளியூர் போயாச்சு. எதிர்வீட்டுக் கதவைத் தட்டித் தட்டிக் கைதான் வலிக்குது. நான் என்ன கேட்டேன், ஒரு பட்டன்தானே?"

அவன் திருத்தினான். பெட்டியை எடுத்துவிட்டு உண்மையான பட்டனை வைத்தான், படத்துக்குப் பதில் எழுத்தைப் போட்டான், பட்டையை மேலே தூக்கிவிட்டான். டேப் தட்டியதும் திரை வாசிக்கும் மென்பொருள் 'சமர்ப்பி, பட்டன்' என்று சமர்த்தாக வாசித்தது. அப்போது மணி நாலு முப்பத்திரண்டு.

ஆனால் அது அவன் கணினியில் மட்டும்தான் சரியாகியிருந்தது. உண்மையான பக்கத்தில் ஏற்ற மேலாளரின் ஒப்புதல் வேண்டும். எதைக் கேட்டாலும் 'பொறுமையா பாத்துக்கலாம்' என்பதால் அவருக்கு அலுவலகத்தில் 'பொறுமை' என்றே பெயர்.

"கடைசி நாள்ல பக்கத்துல கை வைக்கக் கூடாதுப்பா. ஒப்பந்தத்துலயே இருக்கு."

"காலைல பட்டை போட்டோமே சார்?"

"அது அதிகாரி கேட்டது. இதுக்கும் அவர் சொல்லட்டும், அடுத்த நிமிஷம் ஏத்திடலாம்."

அதிகாரியின் எண்ணைப் போட்டார்கள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அலுவலக எண்ணில், கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள்.

"சார், எங்க அண்ணி சார். ஒரே ஒரு பட்டன்."

பொறுமை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சொந்தக்காரங்களுக்காகப் பக்கத்தை மாத்தினேன்னு நாளைக்குப் புகார் எழுதுவாங்க. உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

அவர் கெட்டவர் இல்லை. கையைப் பிசைந்துகொண்டு அதிகாரியின் எண்ணையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

நாலு ஐம்பது. இருக்கைக்கு ஓடி வந்தான்.

"அண்ணி, நானே உங்க பேர்ல உள்ள போய் அழுத்திடறேன். உங்க போனுக்கு ஒரு எண் வரும், சொல்லுங்க."

அவள் சொன்னாள். அவன் அடித்தான். திரையில் வந்தது: 'ஒரே நாளில் மூன்றாவது சாதனம். பாதுகாப்புக் கருதி இக்கணக்கு முப்பது நிமிடங்களுக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது.'

அவளுடைய கணினி, அவளுடைய போன், மூன்றாவதாக இவன். வேறொரு குழு எழுதிய விதி, இவனுக்குத் தெரியவே தெரியாது.

"தம்பி, இங்க என்னை வெளிய தள்ளிடுச்சே. என்னாச்சு?"

மூன்று முறை கேட்டாள். பிறகு அவளே, "ஐஞ்சாயிடுச்சா?" என்றாள்.

"இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு அண்ணி."

ஏழு நிமிடமும் இருவரும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவள் வீட்டு மின்விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்குப் பக்கம் தானாகவே மூடிக்கொண்டது.

ஐந்தே காலுக்கு அதிகாரி கிடைத்தார். "பட்டன்தானே? தாராளமா மாத்துங்க," என்றாராம்.

இரண்டு நாள் கழித்து அண்ணி வீட்டுக்குப் போனான். அவள் சமையலறையில் துணியால் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், எடுத்த எடுப்பில் உடைத்தான்.

"அண்ணி, அந்தப் பட்டன் சரியில்லைன்னு ரெண்டு மாசம் முன்னாடியே எனக்குத் தெரியும். எல்லாராலயும் பயன்படுத்த முடியுதான்னு தரச் சோதனை ஓட்டினப்ப அறுபத்தொரு பிழை வந்துச்சு. பட்டியல் போட்டுக் கொடுத்தேன். பாக்க நல்லாத்தானே இருக்குன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நானும் விட்டுட்டேன், அப்புறம் மறந்தே போச்சு."

தட்டு துடைக்கும் கை நின்றது.

"பட்டியல்ல இது எத்தனாவது?"

"பதினேழாவது."

"மத்த அறுபதும் யாருக்கு?"

அந்த அறுபதும் அவனுக்கு வெறும் வரிகளாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மறுமுனையில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கக்கூடும் என்று அவன் யோசித்ததே இல்லை.

"மன்னிச்சிருங்க அண்ணி."

"அதெல்லாம் இப்ப வேண்டாம் தம்பி. நான் அழுதுடுவேன்," என்றாள். "நாளைக்குக் காலை ஷிப்ட் எனக்கு."

துறைக்கு எல்லாவற்றையும் விளக்கி மனு எழுதினான், பிழைப் பட்டியலையும் இணைத்தான். நிறுவனத்துக்கு விரோதமாகப் போகும் என்று பொறுமை எச்சரித்தும் தன் பெயரைப் போட்டே அனுப்பினான். ஒரு மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: குறித்த நாளில் முப்பத்தெட்டாயிரம் பேர் வெற்றிகரமாக விண்ணப்பித்திருப்பதால் தொழில்நுட்பக் கோளாறு ஏதும் இருந்ததாகக் கருத இயலவில்லை.

அதை அண்ணிக்கு வாசித்துக் காட்டினான். அவள் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். அவன் வாசித்தான்.