லூசியாவின் தாடைக்குக் கீழே ஒரு கை

துவைத்து உலர்த்திய துணிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கார்மோசினா ஓவியர் பெலூசோவின் பட்டறைக்குள் நுழைந்தபோது, அவள் புருஷன் அனியெல்லோ கையில் கத்தியோடு ஒரு பெண்ணின் முன்னால் மரம்போல நின்றுகொண்டிருந்தான். அந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தவளே அவள்தான். நேப்பிள்ஸ் துறைமுகத்துக்கு மேலே இருந்த சின்னக் கோயிலில், கண்நோய் தீர்க்கும் புனித லூசியாவுக்குப் புதிதாகப் பீடம் எழுப்பியிருந்தார்கள். லூசியாவின் கழுத்தில் கத்தி இறங்குவதற்கு முந்தைய கணத்தை ஆளுயரத்துக்கு மேலான படமாக வரைந்து தர பெலூசோ ஒப்புக்கொண்டிருந்தார். லூசியாவாக நிற்க ரொட்டிக்கடைக்காரர் மகள் போர்சியா கிடைத்துவிட்டாள். கொலையாளிதான் அமையவில்லை. கசாப்புக்காரன் ஒருவன் வந்தான். ஸ்பெயின் படையின் சிப்பாய் ஒருவன் வந்தான். தெருவில் வேஷம் கட்டி ஆடுகிறவன் கூட வந்தான். எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை உருட்டினார்கள். பெலூசோ தூரிகையை விட்டெறிந்து எல்லோரையும் விரட்டிவிட்டார்.

அவருடைய சாயத்துணிகளை வெளுத்துக் கொடுக்கிற கார்மோசினாதான் அப்போது தன் புருஷனின் அகன்ற தோளைப் பற்றி அவரிடம் எடுத்துச் சொன்னாள். அக்டோபர் முழுக்கப் புயல். கப்பல் வரவில்லை, மூட்டை தூக்க வேலையும் இல்லை. அனியெல்லோ முதலில் மாட்டேன் என்றான். ஏன் என்று கேட்டதற்கு எழுந்து வெளியே போய்விட்டான். அவன் எப்போதுமே அப்படித்தான். ஆறு வருஷத்துக்கு முன் தெற்கே எங்கிருந்தோ ஒற்றை ஆளாக வந்து அவளைக் கட்டிக்கொண்டவன். குடிக்கமாட்டான், கைநீட்டமாட்டான், கோயிலுக்கு வந்தால் கதவோரத்தில் நிற்பான். அவள் மூன்று நாள் விடாமல் நச்சரித்ததில் கிளம்பி வந்தான்.

கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உயரத்து ஜன்னல் ஒன்றைத் தவிர மற்றவற்றைக் கறுப்புத்துணியால் மூடியிருந்தார் பெலூசோ. அந்த ஒற்றை வெளிச்சம் முழங்காலிட்டிருந்த போர்சியாவின் தொண்டையில் விழுந்தது. அவள் தோளில் கை வைத்துக் கத்தியை ஓங்கச் சொன்னார். அனியெல்லோ ஓங்கினான். நன்றாக இல்லை. இன்னும் கோபமாக என்றார். அதுவும் நன்றாக இல்லை. நாலைந்து தடவை அப்படியே போனது. அப்புறம் யாரும் சொல்லாமலே அனியெல்லோ போர்சியாவின் பின்னால் போய் நின்றான். முழங்காலை அவள் முதுகில் லேசாகக் கொடுத்தான். சுண்டுவிரல் கோணிய இடதுகையை முன்னால் கொண்டுவந்து தாடைக்குக் கீழே பதித்து முகத்தை மேலே நிமிர்த்தினான். கட்டைவிரல் காதுமடலுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. கத்தி ஓங்கவே இல்லை, இடுப்பளவில் சும்மா இருந்தது.

"இப்படித்தான். முன்னால நின்னா நம்ம மேல தெறிக்கும்" என்றான்.

துணிக்கு மடிப்பு எப்படி வைப்பது என்று சொல்வதுபோல இருந்தது அவன் குரல். போர்சியா சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. பெலூசோ மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "அசையாதே" என்றார். கரித்துண்டு கித்தானில் உரசுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "அதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? நெசத்தைச் சொல்லு."

"ஊர்ல ஆடு அறுத்திருக்கேன்" என்றான். சொல்லிவிட்டு ரொட்டியைக் கஞ்சியில் தோய்த்துத் தின்றான்.

அவள் அதை நம்பிக்கொள்ளப் பார்த்தாள். இரண்டு நாள் நம்பவும் செய்தாள். மூன்றாம் நாள் சந்தையில் ஆடு அறுக்கிறவன் எதிரே கூடையோடு நின்று பார்த்தாள். அவன் ஆட்டைக் கிடத்தினான், காலைக் கட்டினான், காதைப் பிடித்தான். தாடைக்குக் கீழே அவன் கை போகவே இல்லை. அன்றிலிருந்து புருஷன் தூங்கும்போது அவள் விழித்திருந்தாள். அவன் திரும்பிப் படுத்தால் அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். அப்படிச் செய்ததற்காகத் தன் மேலேயே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. ஒருநாள்கூட அடிக்காத மனிதன். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மலைமேல் ஏறிப்போய்ப் பனிக்கட்டி கொண்டுவந்தவன்.

படம் முடிகிற சமயத்தில் அவள் பெலூசோவிடம் போய் நின்றாள். புருஷன் முகத்தை மாற்றிவிடும்படி கெஞ்சினாள். காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அவன் நகர்ந்து நின்ற அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அசையாதே என்றிருக்கிறார்.

"முகத்தை இருட்டுல தள்ளிடறேன், தாடியும் போட்டுடறேன்" என்றார். "கையைத் தொடமாட்டேன். முப்பது வருஷமா வரையறேன், இப்படி ஒரு கை எனக்கு அமைஞ்சதில்ல."

சொன்னபடியே செய்தார். அவள் வந்து பார்த்தாள். இருட்டுக்குள் ஒரு தாடிக்காரன் இருந்தான், பெற்ற தாய்க்குக்கூட அடையாளம் தெரியாது. நிம்மதியாகத் திரும்பிப் போனாள்.

டிசம்பர் பதின்மூன்று, லூசியா திருநாள். கோதுமைக் கப்பல் வந்திருந்ததால் திருநாள் என்றும் பாராமல் அனியெல்லோவைத் துறைமுகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கார்மோசினா மட்டும் கோயிலுக்குப் போனாள். வாசலில் தேன் ஊற்றிய கோதுமைக் கஞ்சி கொடுத்தார்கள். உள்ளே பார்வை மங்கியவர்களும் கண்ணில் கட்டுப்போட்டவர்களும் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார்கள். படத்தை மூடியிருந்த திரையை இழுத்ததும் கூட்டம் ஒருசேரப் பின்வாங்கியது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் லூசியாவின் தொண்டை உயிரோடு துடிப்பதுபோல இருந்தது. சிலர் அழுதார்கள், சிலர் முழங்காலிட்டார்கள். பெலூசோ ஒரு தூணில் சாய்ந்து நின்று சிறிது நேரம் பார்த்துவிட்டு, யாரிடமும் பேசாமல் வெளியேறினார்.

கூட்டம் கலைந்த பிறகும் ஒரு கிழவி போகவில்லை. கறுப்பு உடுத்தி, சேறு அப்பிய காலோடு எங்கிருந்தோ நடந்தே வந்தவள். பீடத்தின் மேல் ஒரு காலை வைத்து ஏறி, படத்தோடு மூக்கு உரசுகிற அளவுக்குக் கிட்டே போயிருந்தாள். லூசியாவை அவள் பார்க்கவில்லை. தாடைக்குக் கீழே இருந்த கையைப் பார்த்தாள். சுண்டுவிரல் ஒடிந்து வெளிப்பக்கமாக வளைந்திருந்த அந்தக் கையை.

இறங்கி வந்து, பக்கத்தில் நின்ற நிழலைப் பார்த்துப் பேசினாள். "தாயி, எனக்கு முக்கால்வாசிப் பார்வை போயிருச்சு. அந்தச் சுண்டுவிரல் வெளிய வளைஞ்சுதான இருக்கு?"

கார்மோசினா ஆமாம் என்றாள்.

கிழவி அழவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் தன் ஊர்க் களத்துமேட்டில் பண்ணைக்காரரின் ஆட்கள் நாலு பேர் வந்து தன் மகனைக் கொன்றதைச் சொன்னாள். நாலு பேரும் முகத்தைத் துணியால் சுற்றியிருந்தார்கள். முகம் பார்க்கவில்லை என்பதால் நீதிமன்றத்தில் அவள் சாட்சி எடுபடவில்லை. மகனின் தாடையைப் பிடித்த கையை மட்டும்தான் பார்த்தாள். அழுது அழுது கண் போன பிறகும் அந்தக் கை மட்டும் போகவில்லை.

"மனசுல இருந்து இப்படி வரைய முடியாது. இந்தக் கை வரைஞ்சவர் முன்னால இருந்திருக்கு" என்றாள். "அவர் வீடு உனக்குத் தெரியுமா? என்னைக் கூட்டிட்டுப் போறியா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் வேறு ஒருவரைக் கேட்பாள். ஓவியர் வீடு ஊரில் யாருக்குத்தான் தெரியாது. பெலூசோ மறைப்பாரா, அல்லது தான் வரைந்த கை எவ்வளவு உண்மை என்று பெருமையோடு பேர் சொல்லிவிடுவாரா? கார்மோசினா மணிக்கட்டை நீட்டினாள். கிழவி அதை இறுகப் பற்றிக்கொண்டாள்.

தெருமுனையில் இடப்பக்கம் திரும்பினால் பட்டறை. கார்மோசினா வலப்பக்கம் திரும்பினாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. புருஷனை ஓடிவிடச் சொல்லவா, அவன் வாயால் ஒருமுறை கேட்டுவிடவா, அல்லது இந்தக் கிழவியை அவனிடமே விட்டுவிடவா? கடைசியாக வந்த அந்த நினைப்பு தன்னுடையது என்பதே அவளுக்கு நம்பமுடியவில்லை. ஆனாலும் கால் நிற்கவில்லை. இறக்கம் முழுக்க மழை ஈரம். வழுக்குகிற இடத்திலெல்லாம் கிழவியை அவள் ஜாக்கிரதையாகப் பிடித்து நடத்தினாள்.

"உப்பு வாசம் வருதே. அவர் வீடு கடலோரத்துலயா?" என்றாள் கிழவி.

கோதுமைக் கப்பலிலிருந்து கரைக்குப் போட்டிருந்த பலகையில் ஆட்கள் மூட்டைகளோடு வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருவன் நின்றான். மனைவியையும், அவள் மணிக்கட்டைப் பற்றியிருந்த கறுப்பு உடைக்காரியையும் மாறி மாறிப் பார்த்தான். பின்னால் வந்தவன் திட்டினான். அவன் மூட்டையைக் கீழே இறக்கி வைத்தான். உள்ளங்கைகளில் ஒட்டியிருந்த கோதுமைத் தூசியை இடுப்புத்துணியில் துடைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் அவர்களை நோக்கி நடந்து வந்தான்.