நெரிஸ் ஓட்டிய ரயில்

என் மனைவி நெரிஸ் முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்தாள். காலை எட்டரைக்கு வந்து நேராக மாடிப் படுக்கையறைக்குப் போவாள். அந்த அறைக்குக் கீழேதான் மேஜை முழுக்க என் பொம்மை ரயில். ரெக்ஸம் ஊரில் எங்கள் தெரு வீடுகளுக்கு மாடித் தரை வெறும் பலகை. கீழே தும்மினால் மேலே கேட்கும்.

பஸ் டிப்போவில் ஆட்குறைப்பு செய்து என்னை அனுப்பி ஏழு மாதம் ஆகியிருந்தது. விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்த பிறகு, ரயிலுக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்தேன். பழைய பெட்டியில் குமிழைத் திருகினால் இன்ஜின் முதலில் அசையாது. பிறகு திடுக்கென்று பாயும். புதியது பன்னிரண்டு வோல்ட்டையும் முழுதாக, ஆனால் சின்னச் சின்னத் துடிப்புகளாக விட்டுவிட்டுக் கொடுக்கும். நிலக்கரி வண்டிகளை இழுத்துக்கொண்டு இன்ஜின் நத்தையாய் ஊரும். ஒரே குறை, துடிப்புக்குத் துடிப்பு மோட்டார் அதிர்ந்து, டப்பாவுக்குள் அடைபட்ட வண்டு போல ரீங்கரிக்கும்.

மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்கு நெரிஸ் படியிறங்கி வந்தாள்.

"ஆல்வின், என்ன சத்தம் அது? தலைக்குள்ள யாரோ துளை போடுற மாதிரி இருக்கு."

"ரயில்தான். துடிப்பை இன்னும் வேகமாக்கிட்டா காதுக்குக் கேக்காது."

"அப்போ ஆக்க வேண்டியதுதானே?"

"ஆக்கினா இவ்வளவு மெதுவாப் போகாது."

"இவ்வளவு மெதுவா எங்கே போகணும் அது?"

துடிப்பை வேகமானதாக மாற்றினேன். சத்தம் போயிற்று, கூடவே நத்தை நடையும் போயிற்று. இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் மேலே போகவில்லை. கோட்டைக் கழற்றாமல் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏழாம் ரூம் அம்மா விடியக்காலையில போயிட்டாங்க. முகம் துடைச்சுத் தலை வாரிவிட்டேன். மகன் வந்து, டிவியை இன்னிக்கே எடுத்துக்கலாமான்னு கேக்கறான்."

அவள் மேஜைமேல் நின்ற ரயிலைப் பார்த்தாள்.

"அதைப் பழையபடி மெதுவா ஓட விடு, பாக்கணும். சத்தம் வந்தா வரட்டும்."

துடிப்பைப் பழையபடி வைத்து, பெட்டியை அவள் கையில் கொடுத்தேன்.

"மெல்லத் திருகு. இன்னும் மெல்ல."

"சும்மா இரு. பஸ் ஓட்டினவனுக்கு மத்தவங்க எல்லாம் பயணிதான்."

இன்ஜின் ஊர்ந்தது. ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் அவள் தலை சாய்ந்துவிட்டது. விரல்கள் குமிழை விடவில்லை. பாதை முடியும் இடத்தில் இன்ஜின் தடுப்பில் முட்டி நின்றது. துடிப்பு மட்டும் நிற்கவில்லை. ரீங்காரம் கனத்தது, மோட்டார்ச் சுருளின் வார்னிஷ் தீயும் வாடை வந்தது. விரல்களைப் பிரித்தால் விழித்துவிடுவாள். மேஜைக்கடியில் தவழ்ந்துபோய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். அவள் அசையவில்லை.

ஒன்றரை மணிக்குக் கண் விழித்தாள்.

"என்ன தீஞ்ச நாத்தம்?"

"மோட்டார் போச்சு."

"நானா?"

"நீயேதான்."

சிரிக்கப் போனவளுக்குக் கொட்டாவிதான் வந்தது. அன்றிரவும் வேலை இருந்தது. டீயும் டோஸ்டும் கொண்டுவந்து கொடுத்தேன். நின்றபடியே தின்றுவிட்டு, மிச்சத் தூக்கத்தைத் தூங்க மாடிக்குப் போனாள்.