தேய்ந்தவருக்கே கதிரை

உப்புத் தின்னும் சகல மக்களுக்கும் இத்தால் அறியத் தருவது யாதெனில்: பாலாவிக்கு அப்பால், உப்புப் பாத்திகளின் ஓரத்தில் இயங்கும் கரையோர உப்புத் தொழிலாளர் சேமநலச் சங்கம், தொழிலாளர் வர்க்கத்தின் வரலாற்றிலேயே முதல் தடவையாக ஒரு கதிரை வாங்கியிருக்கிறது. பிளாஸ்டிக் கதிரை. நீல நிறம். கைப்பிடி உண்டு; முதுகும் சாய்க்கலாம்.

அதைத் திறந்துவைக்கத் தலைவர் செய்னுலாப்தீன் ஹாஜியார் வெள்ளைச் சேர்ட்டோடு வந்தார். கதிரையை எப்படித் திறப்பது என்று கேட்கக் கூடாது. ரிப்பன் கட்டினால் எதையும் திறக்கலாம். மூடை தைக்கும் கொட்டிலில் கதிரை போடப்படும், வெயிலில் பாத்திக்குள் நின்று உப்பு வார ஏலாத ஒருவர் அதில் இருந்துகொண்டு சாக்குகளின் வாயைத் தைக்கலாம், கூலி குறையாது. அந்த ஒருவர் யார் என்பதையும் சங்கம் தீர்மானித்திருந்தது.

"எங்கட யாப்புல, சங்கத்துச் சட்டத்துல, தெளிவா இருக்கு," என்றார் ஹாஜியார். "முழங்கால் எலும்பு தேஞ்சவங்களுக்கு. எல்லாரும் எக்ஸ்றேப் படம் எடுத்துக்கொண்டு வாங்க. ஆருக்குக் கூடத் தேஞ்சிருக்கோ அவங்களுக்குக் கதிரை. சொந்தம் பந்தம் ஒண்டும் பாக்க மாட்டம்."

எல்லோரும் கை தட்டினார்கள். உம்மு குல்சூமும் உடம்பின் பாரத்தையெல்லாம் வலது காலில் போட்டுக்கொண்டு தட்டினாள்.

அவளுடைய இடது முழங்கால் புளித்த பாண் மாவைப்போலப் பொங்கியிருந்தது. தொட்டால் சுடும். விடிய சுபஹுத் தொழுகைக்கு எழும்பினால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர வேண்டும். குமர்ப் பெண்ணாக மன்னாரிலிருந்து வந்து இறங்கிய நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த தொழில் உப்பு வாருவது ஒன்றுதான். புருஷன் மௌத்தாகிவிட்டான். கதிரை கிடைத்தால் இன்னும் கொஞ்சக் காலம் உழைக்கலாம். கிடைக்காவிட்டால் வீட்டில் இருக்கலாம். ஆனால் வீட்டில் சோறு தானாக வேகுவதில்லை.

படம் பார்க்கும் வைபவம் பாத்தி வரம்பில் நடந்தது. உச்சி வெயில், கீழே உப்பின் வெள்ளை. கண்ணைத் திறக்கவே முடியாத அந்த இடத்தில் ஹாஜியார் எக்ஸ்றேயைச் சூரியனுக்கு நேரே பிடித்து, கண்ணை மூடினாற்போல் வைத்துக்கொண்டு, தீர்ப்பு வழங்கினார்.

"மாஷா அல்லாஹ்! உம்மு குல்சூம், உங்களுக்கு நல்ல எலும்பு. பெரிசாத் தேய்வொண்டும் இல்ல. இந்த வயசுல எனக்கே இப்பிடி இல்ல."

"நோவுது ஹாஜியார். ராவையில நித்திரை இல்ல."

"எங்க நோவுது? படத்துல நோவு இல்லயே!"

அடுத்த படம் ஹாஜியாரின் மச்சான் இப்றாஹிமுடையது. குறிஞ்சிப்பிட்டியில் பைக்கால் விழுந்தபோது எடுத்தது; வீட்டு அலுமாரிக்கு மேல் கிடந்ததை அவன் மனைவி கொடுத்தனுப்பியிருந்தாள். அதில் மேலெலும்பும் கீழெலும்பும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. சங்கக் கமிட்டி முண்டியடித்து எட்டிப் பார்த்தது. இப்றாஹிம் வரம்பைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தான்.

"மச்சான், எனக்கு ஒரு நோவும் இல்ல. நேத்தும் வொலிபோல் விளையாடின."

"நீ பேசாத," என்றார் ஹாஜியார். "படம் பேசுது."

இதில் களவு எதுவும் நடக்கவில்லை. மச்சானுக்குக் கதிரை போனது முழு நேர்மையோடு, அதுதான் இன்னும் மோசம். களவென்றால் உம்மு குல்சூம் ஏசியாவது இருக்கலாம்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டொக்டர் முஃபீதா வயதில் சின்னவள். முழங்காலைக் கையால் தொட்டுப் பார்த்த முதல் ஆள். ஸ்கேன் பண்ணிவிட்டுச் சொன்னாள்:

"மூட்டுக்கு உள்பக்கமா மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு ராத்தா. அது அழற்சி வந்து வீங்கி நிக்குது. இந்தச் சூடு, உள்ளுக்குள்ள கட்டியிருக்கிற தண்ணி, நோவு, எல்லாத்துலயும் அதுக்குப் பெரிய பங்கு இருக்கு. எக்ஸ்றேயில எலும்புதான் தெரியும். சவ்வு தெரியாது."

"அப்ப எனக்குத் தேய்மானம் இல்லயா?"

"தேய்மானத்திட தொடக்கந்தான் இது. எல்லாரும் எலும்பை மட்டுந்தான் நினைக்கிறாங்க. சவ்வு இப்பிடியே அழண்டுகொண்டிருந்தா மற்றதும் சுறுக்காத் தேயக்கூடும். ஊசி போட்டா கொஞ்ச நாளைக்குக் கேக்கும். ஆனா பாரம் இழுக்கிறத விடுங்க. இருந்து செய்யிற வேலை ஒண்டு பாருங்க."

உம்மு குல்சூமுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். தன் நோவுக்கு ஒரு வீடு இருக்கிறது, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஸ்கேன் கடதாசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஹாஜியார் அதையும் சூரியனுக்கு நேரே பிடித்தார். கடதாசியில் வெளிச்சம் ஊடுருவவில்லை. திருப்பிப் பிடித்தார். அப்போதும் இல்லை.

"மழை முகில் மாதிரி இருக்கு," என்றான் எட்டிப் பார்த்த இப்றாஹிம்.

"இது சவ்வு, ஹாஜியார். சவ்வுதான் வீங்கியிருக்காம்."

"சவ்வு." ஹாஜியார் அந்தச் சொல்லை வாயில் போட்டுச் சப்பிப் பார்த்தார். "எங்கட யாப்புல எலும்பு எண்டுதான் இருக்கு. சவ்வெண்டு இல்லயே. இண்டைக்குச் சவ்வுக்குக் குடுத்தா நாளைக்கு நரம்புக்குக் கேப்பாங்க."

"இப்பிடியே விட்டா எலும்பும் சுறுக்காத் தேயுமெண்டு டொக்டர் சொன்னா."

ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. "அப்பிடிச் சொல்லுங்க! பிரச்சினை முடிஞ்சிது. தேயட்டும். தேஞ்ச உடன வாங்க. சங்கம் எங்கயும் ஓடிப்போகாது."

மனதார, அன்போடுதான் சொன்னார்.

அவள் பாத்திக்குத் திரும்பினாள். ஊசி சில கிழமை தாங்கியது. பிறகு கால் பழையபடி பொங்கியது. பலகையால் உப்பை இழுக்கும்போது முழங்காலுக்குள் நெருப்புக் கங்கு உருண்டது. கட்டிலோரத்தில் இருந்து தொழுதுவிட்டுக் கையேந்தினால் அங்கேயும் ஒரு சிக்கல்: காலைக் குணமாக்கு என்று கேட்டால் கதிரை போய்விடும்; தேய்த்துவிடு என்று அல்லாஹ்விடம் கேட்க வெட்கமாக இருந்தது. எதுவும் கேட்காமல் கையை முகத்தில் தடவிக்கொண்டு எழும்பினாள்.

கொட்டிலுக்குள் இப்றாஹிம் நாள் முழுக்க ஊசியும் நூலுமாக இருந்து வாடிப்போனான். ஒருநாள் வரம்புக்கே வந்து, "ராத்தா, நீங்க வந்து இருங்க, நான் வாருறன். இருந்து இருந்து எனக்கு இடுப்புத்தான் நோவுது," என்றான். அவள் பலகையைக் கீழே போட்டுவிட்டு ஓரடி வைத்தாள். ஹாஜியார் எங்கிருந்தோ முளைத்தார்.

"தேஞ்ச மனிசன வெயிலுக்குள்ள விட்டுட்டு நல்ல எலும்புக்காரி நிழல்ல இருக்கிறதா? ஆக்கள் என்ன கதைப்பாங்க!"

அடுத்த வருஷம் இப்றாஹிம், போதும் என்று சொல்லிவிட்டு, மனைவியின் வயலைப் பார்க்க எலுவன்குளத்துக்குப் போய்விட்டான். தேய்ந்த முழங்காலோடு சேற்றில் இறங்கி நாற்று நடுகிறானாம். நோவில்லையாம்.

உம்மு குல்சூம் புதுப் படம் எடுத்தாள். இந்தத் தடவை சூரியன் இல்லை. ஹாஜியார் போனில் லைட் அடித்துப் பார்த்தார். எலும்புகளுக்கு நடுவே இருந்த இடைவெளி ஒரு பக்கமாக நன்றாக ஒடுங்கியிருந்தது.

"வாழ்த்துக்கள்!" என்றார்.

மறுபடியும் ரிப்பன் கட்டினார்கள். அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினார்கள். இடது கால் இப்போது சரியாக மடங்காது. துடுப்பைப்போல முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. ரிப்பன் வெட்ட வந்தவர்கள் அதைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. யாப்பை இம்மியளவும் மீறாமல் ஓர் ஏழைப் பெண்ணுக்கு நீதி வழங்கப்பட்ட நாள் இதுவென்று ஹாஜியார் நீளமாகப் பேசினார். தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் அவர் பேச்சுப் பாதி கேட்கவில்லை. எல்லோரும் குடையை இடுக்கிக்கொண்டு கை தட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள்.

உம்மு குல்சூம் ஊசியில் நூலைக் கோத்து வைத்துக்கொண்டு இருந்தாள்.

அந்தப் போகம் முழுக்க மழை. தைப்பதற்கு ஒரு மூடை உப்புக்கூட விளையவில்லை.