ஏறாத லிஃப்டுக்கு டிக்கெட்

லிஃப்ட் நின்றுபோன பிறகுதான் தரைத்தளத்தில் கண்டக்டர் என்று ஒருவர் குடியிருப்பதே பலருக்கு நினைவு வந்தது. மாடிப்படியை ஒட்டினாற்போல் அவர் வீடு. பஸ்ஸை விட்டு இறங்கிப் பல வருடமாகியும் அந்தப் பெயர் மட்டும் அவரை விட்டு இறங்கவில்லை. மனைவி போனபின் வீட்டில் பேச்சுக்குரல் என்றால் ரேடியோதான்.

லிஃப்ட் பழுதான மறுநாள் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து படியடியில் போட்டார். கனத்த பைகளோடு வருகிறவர்கள் ஏறும் முன் அதில் கொஞ்சம் உட்கார்ந்தார்கள். தண்ணீர் கேட்டார்கள். மேலதிகாரியைத் திட்டினார்கள், மாமியாரைத் திட்டினார்கள். அதிக நேரம் உட்காருவது நான்காம் மாடி டீச்சரம்மா. முழங்கால் வலி. அவரும் தனிக்கட்டை.

"என்ன கண்டக்டர், ஏறலாமா?"

"மெதுவா ஏறுங்க டீச்சர். கடைசி ஸ்டாப்புதானே, அது எங்கயும் ஓடிடாது."

டீச்சரம்மாவின் செருப்புச் சத்தம் மேலே போய்த் தேயும்வரை அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

பழுதுச் செலவைப் பங்கு பிரிக்க வீட்டுக்காரர்கள் கூடினார்கள். மோட்டாரையே மாற்ற வேண்டும். மாடிக்காரர்கள் எல்லாரும் போட்டும் துண்டு விழுந்தது. கட்டட விதிப்படி தரைத்தளத்துக்கு லிஃப்ட் செலவில் பங்கில்லை; மனமிருந்தால் கொடுக்கலாம். செயலாளரான முதல் மாடிக்காரர் கண்டக்டரின் கதவைத் தட்டினார்.

"அண்ணே, நீங்களும் ஒரு பங்கு போட்டா வேலை முடிஞ்சிரும்."

"ஏறாத பஸ்ஸுக்கு டிக்கெட்டா? நான் ஒருத்தர்கிட்டயும் அப்படி வாங்கினதில்லையே தம்பி."

"கட்டடம் எல்லாருக்கும் பொதுதானேண்ணே?"

"அதுக்கு? பனைமரத்துல தேள் கொட்டுனா தென்னைமரத்துல நெறி கட்டுமா?"

"உங்ககிட்ட பேசறதுக்கு நான் கல்லுல நார் உரிக்கலாம்."

கருமி என்ற சொல் மாடி மாடியாக ஏறிப்போனது அவர் காதிலும் விழுந்தது. விழட்டும். பணம் இல்லாமல் இல்லை. மோட்டார் ஓட ஆரம்பித்தால் இந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள்? அதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

பிறகு டீச்சரம்மா வருவது நின்றது. இன்று வருவார், நாளை வருவார் என்று பார்த்தார். கடைசியில், ஒவ்வொரு தளத்திலும் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கி, நான்காம் மாடிக்கு அவரே ஏறினார்.

"நீங்களா? இவ்வளவு படியா ஏறி வந்தீங்க?"

"ஆளையே காணோமேன்னுதான்..."

"இறங்கிடுவேன் கண்டக்டர். திரும்பி ஏறத்தான் முடியல. அதான் இறங்கறதையே விட்டுட்டேன்."

மேசையிலிருந்து ஒரு நாற்காலி மட்டும் இழுக்கப்பட்டு ஜன்னலோரம் கிடந்தது. கீழே பஸ் நிறுத்தம்.

"எந்த பஸ்ல யார் இறங்கறாங்கன்னு பார்ப்பேன். பொழுது போயிடும்" என்றார் டீச்சரம்மா.

கண்டக்டரால் அந்த நாற்காலியைப் பார்க்க முடியவில்லை. இறங்கும்போது முதல் மாடியில் நின்று, தன் பங்கைக் கொடுப்பதாகச் செயலாளரிடம் சொன்னார்.

"என்னண்ணே, தேள் உங்களையும் கொட்டிருச்சா?"

"ஆமா தம்பி. நெறி கட்டிருச்சு."

லிஃப்ட் ஓடத் தொடங்கிய அன்று காலையிலேயே அவர் வாசலில் நின்றார். லிஃப்டின் கதவு திறந்தது. தோளில் பையோடு டீச்சரம்மா.

"லைப்ரரிக்குக் கிளம்பிட்டேன் கண்டக்டர்! பஸ் வந்துரும், வரட்டுமா?"

"போயிட்டு வாங்க டீச்சர்."

அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் முன்பு பார்த்ததில்லை. அதற்குப் பிறகு எல்லாரும் லிஃப்டிலிருந்து நேராகத் தெருவுக்கும், தெருவிலிருந்து நேராக லிஃப்டுக்கும் போனார்கள். நாற்காலியில் யாரோ கடை விளம்பரத் தாளைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதை எடுத்துப் போட்டுவிட்டு நாற்காலியை உள்ளே கொண்டுபோனார்.

ஒரு மதியம், டிக்கெட் எடுத்தாகிவிட்டதே, ஏறாமல் விடுவானேன் என்று லிஃப்டில் ஏறி நான்கை அழுத்தினார். டீச்சரம்மாவின் வீடு பூட்டியிருந்தது. பூட்டைப் பார்த்து ஒரு பக்கம் சந்தோஷமாகத்தான் இருந்தது. திரும்பி வந்து லிஃப்டுக்குள் நின்றார். எதிரே கண்ணாடியில் அவர் முகம் மிகவும் பக்கத்தில் நின்றது.

"கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க" என்றார், பழக்கதோஷத்தில்.

உள்ளே இடம் நிறைய இருந்தது.