கப்பல்ல பன்னெண்டு பாயிண்ட்

என் பொண்டாட்டி சிரிச்சா எனக்குப் பிடிக்கும்னுதான் இருபத்திரண்டு வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன். கப்பல்ல ஏறின ரெண்டாம் நாள்தான் தெரிஞ்சுது, அவ என்னைப் பார்த்துச் சிரிச்சா மட்டும்தான் எனக்குப் பிடிக்கும்னு.

முதல்ல இருந்தே சொல்லிடறேன். அவ மருந்தாளர். பெரிய ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கிற இடத்துல இருபது வருஷமா நிக்கிறா. டாக்டர் எழுதின சீட்டுல ஒரு சைபர் கூடுதலா இருந்தா உடனே மாடிக்குப் போன் போட்டு, "டாக்டர், இது ஆளுக்கா, யானைக்கா?"ன்னு கேக்கிற ரகம். நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துறேன். ஓட்டக் கத்துக்கிறவங்க பக்கத்துல உக்காந்து, என் காலடியில இருக்கிற இன்னொரு பிரேக்கை மிதிச்சு மிதிச்சே இடுப்பு போனவன். போன வருஷம் டிஸ்க் விலகி மூணு மாசம் படுத்த படுக்கை. என்னைத் தூக்கி உக்கார வெச்சு, குளிப்பாட்டி, சோறு குடுத்தது எல்லாம் அவதான்.

வினையே அங்கதான் ஆரம்பிச்சுது. மருந்தாளர் லைசென்ஸைப் புதுப்பிக்கணும்னா ரெண்டு வருஷத்துக்குள்ள முப்பது பாயிண்ட் சேர்த்திருக்கணும். ஒரு மணி நேரம் வகுப்புல உக்காந்தா ஒரு பாயிண்ட். என்னைப் பார்த்துக்கிட்டதுல அவ வகுப்பையெல்லாம் கோட்டை விட்டுட்டா. கையில இருந்தது பதினெட்டுதான். மாசக் கடைசிக்குள்ள முப்பது வரலைன்னா லைசென்ஸ் காலி. மறுபடி பரீட்சை எழுதி வாங்க ஆறு மாசமோ எட்டு மாசமோ ஆகும். அதுவரைக்கும் அந்தக் கவுண்டருக்குப் பின்னால அவ நிக்கவே கூடாது.

எங்க பொண்ணுதான் கம்ப்யூட்டர்ல தேடிக் கண்டுபிடிச்சா. உல்லாசக் கப்பல்ல அஞ்சு நாள் சுத்தல். அதுல மூணு நாள், காலையில நாலு நாலு மணி நேரம் மருந்தாளருக்கு வகுப்பு. மொத்தம் பன்னெண்டு பாயிண்ட். "அம்மாவுக்குப் பாடம், உங்களுக்குக் கடல். சண்டை போடாம போயிட்டு வாங்க"ன்னு டிக்கெட்டைக் கையில குடுத்தா. கப்பல் திரும்பி வந்து மூணாம் நாள் கெடு முடியுது. பன்னெண்டுல ஒண்ணு குறைஞ்சாலும் போச்சு.

கப்பல்ல ஏறினதும் அவ கழுத்துல பச்சைக் கயித்துல ஒரு அட்டை மாட்டினாங்க. எனக்கு மஞ்சள் கயிறு. அதுல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? "உடன் வந்தவர்". ஊர்ல நான் வண்டியை நிறுத்தினா நாலு பேர் எழுந்து நின்னு சார்ங்கிறாங்க. இங்க நான் உடன் வந்தவனாம்!

வகுப்பு நடக்கிற ஹால் ஏழாவது தளத்துல. வாசல்ல ஒரு மெஷின். உள்ள போகும்போது அட்டையைக் காட்டணும், வெளிய வரும்போதும் காட்டணும். நடுவுல எழுந்து போனா பத்து நிமிஷத்துக்குள்ள திரும்பிடணும். தாண்டிச்சுன்னா அன்னைக்கு நாலு பாயிண்ட்டும் போச்சு. முதல் நாளே அவ என்கிட்ட விவரமா சொன்னா. "அதனால ஏங்க, கண்ணாடியைக் காணோம், துண்டைக் காணோம்னு என்னைத் தேடி வந்துடாதீங்க"ன்னா. நான் என்ன குழந்தையா?

உடன் வந்தவங்களுக்கும் வகுப்பு வெச்சிருந்தாங்க. துணியை அன்னப்பறவை மாதிரி மடிக்கிறது. நானும் போய் உக்காந்தேன். என் பறவைக்குக் கழுத்தே நிக்கல. எடுத்து மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு எழுந்து வந்துட்டேன்.

நேரே ஏழாவது தளம். ஹாலுக்குக் கண்ணாடிக் கதவு. எட்டிப் பார்த்தா, இவ முன் வரிசையில உக்காந்திருக்கா. கையைத் தூக்கி என்னமோ கேக்கிறா. மேடையில நெட்டையா ஒருத்தன். அவன் பதில் சொல்லாம சிரிக்கிறான். ஹாலே சிரிக்குது. இவ தலையைப் பின்னால சாய்ச்சுச் சிரிக்கிறா. வீட்டுல அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சுன்னு யோசிச்சேன். ஞாபகமே வரல. குப்புனு வயிறு எரிஞ்சுது.

அன்னைக்குச் சாயங்காலம் சாப்பாட்டு மேசைக்கு அந்த நெட்டையனே வந்து உக்காந்தான். காலேஜ்ல இவளோட ஒரே வகுப்பாம். இப்போ ஊர் ஊராப் போய்ப் பாடம் எடுக்கிறான். "என்ன டோஸ், தூங்காம கேட்டியா?"ங்கிறான்.

"டோஸா?"ன்னேன்.

"சார், உங்களுக்குத் தெரியாதா? காலேஜ்ல இவ பேரே டோஸ்தான். எந்த மருந்தைச் சொன்னாலும் 'எவ்வளவு டோஸ், எத்தனை வேளை'ன்னு வாத்தியாரைக் குடைஞ்சு எடுத்துடுவா. ஒரு தடவை பெரிய வாத்தியாரே போர்டுல தப்பா எழுதிட்டார். இவ எழுந்து, 'சார், இதைச் சாப்பிட்டா நோயும் இருக்காது, நோயாளியும் இருக்க மாட்டான்'னா பாருங்க!"

இவ சிரிச்ச சிரிப்புல கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. நான் சூப்பைக் கலக்கிக்கிட்டே உக்காந்திருந்தேன். என் பொண்டாட்டிக்கு எனக்குத் தெரியாம ஒரு பேர்! அதை எவனோ ஒருத்தன் பாக்கெட்ல போட்டுக்கிட்டு ஊர் சுத்தறான்!

ரூமுக்கு வந்ததும் கேட்டேன், "இதெல்லாம் நீ எனக்குச் சொன்னதே இல்லையே?"

"நீங்க கேட்டதே இல்லையே"ன்னு சாதாரணமா சொல்லிட்டு மறுநாள் பாடத்தைப் படிக்க ஆரம்பிச்சுட்டா.

அவன் மேல ஏதாவது குத்தம் கண்டுபிடிச்சிருந்தா மனசு ஆறியிருக்கும். ஒண்ணும் சிக்கல. பொண்டாட்டி போட்டோ, பசங்க போட்டோ எல்லாம் காட்டுறான். எனக்குக் கதவைத் திறந்து விடறான். என் முதுகுவலிக்கு எந்தத் தலையணை நல்லதுன்னு வேற சொல்றான். நல்லவன்னா அப்படி ஒரு நல்லவன். அதுதான் தாங்கல.

மூணாம் நாள் வகுப்பு, கடைசி நாலு பாயிண்ட். காலையில எழுந்து பார்க்கிறேன், கண்ணாடி முன்னால நின்னு புதுத் தோடு போட்டுக்கிட்டிருக்கா.

"யாருக்கு இந்த அலங்காரம்?"

"இன்னைக்கு நான் பேசறேங்க. பத்து நிமிஷம். மருந்துச் சீட்டுல வர்ற தப்பை எப்படிப் பிடிக்கிறதுன்னு பேசச் சொல்லியிருக்கான்." ரெண்டு தடவை முயற்சி பண்ணியும் தோட்டுத் திருகு மாட்டவே இல்ல. "இத்தனை பேர் முன்னால நான் பேசினதே இல்ல. நல்லா வரும்ல?"

நல்லா வரும்மான்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லல. "அவன் சொன்னா தலைகீழாக்கூட நிப்ப"ன்னேன். அவ முகம் சுண்டிப் போச்சு. திருகை அவளே எப்படியோ மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா.

ஒரு மணி நேரம் மேல் தளத்துல நடந்தேன். கடல் கடல்னு எல்லாரும் வாயைப் பிளக்கிறாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. கால் தானா ஏழாவது தளத்துக்குப் போச்சு. கண்ணாடிக் கதவு வழியா பார்த்தேன். இவ மேடைக்குப் பக்கத்துல தாளை வெச்சுக்கிட்டு நிக்கிறா. அவன் குனிஞ்சு, இவ காலர்ல சின்ன மைக்கை மாட்டி விட்டுக்கிட்டிருக்கான். அவ்வளவுதான் நடந்துச்சு. அவ்வளவேதான். ஆனா எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு.

அடுத்த தளத்துல இருக்கிற வரவேற்பு மேசைக்குப் போய் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டேன். "நெஞ்சு வலிக்குது. என் மனைவி வகுப்புல இருக்கா. கூப்பிடுங்க"ன்னேன்.

தெரியாம செஞ்சேன்னு சொல்ல மாட்டேன். பத்து நிமிஷக் கணக்கெல்லாம் தெரிஞ்சுதான் செஞ்சேன். ஓடி வருவா, ஒண்ணுமில்ல வாயுதான்னு சொல்லிடலாம், பத்து நிமிஷத்துக்குள்ள திரும்பிப் போயிடுவா. பாயிண்ட்டும் போகாது. அந்த மேடையில இருந்து, அத்தனை பேர் பார்க்க, ஒரே ஒரு தடவை எனக்காக எழுந்து ஓடி வரட்டும். இதுதான் என் புத்தி போட்ட கணக்கு.

கப்பல்காரன் அப்படி விடுவானா? நெஞ்சுவலின்னு சொன்ன வாய் மூடறதுக்குள்ள சக்கர நாற்காலி வந்துடுச்சு. லிஃப்ட்ல இறக்கி, இறக்கி, கடைசித் தளத்துக்குக் கொண்டுபோய், சட்டையைக் கழட்டி நெஞ்சுல ஒயரை ஒட்டிட்டாங்க. லிஃப்டுக்குக் காத்திருக்காம இவ மாடிப்படி வழியாவே ஓடி வந்திருக்கா. காலர்ல அந்த மைக் தொங்கிக்கிட்டிருக்கு. என் மணிக்கட்டைப் பிடிச்சு, வாட்ச்சைப் பார்த்து நாடியை எண்ணினா. "வலி தோளுக்குப் போகுதா? காலையில மாத்திரை போட்டீங்களா? வேர்க்குதா?" குரல் நிதானமா இருந்துச்சு. கைதான் சில்லுன்னு இருந்துச்சு.

"ஒண்ணுமில்லம்மா, நீ போ"ன்னேன்.

"வாயை மூடுங்க!"ன்னா. "உங்களை விட்டுட்டு எங்க போறது?"

அந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை நாடகமும்? கேட்டாச்சு. ஆனா இனிக்கல. சுவர்க் கடிகாரத்துல பத்து நிமிஷம் தாண்டிடுச்சு, இருபது ஆச்சு, நாப்பதும் ஆச்சு. அவ அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல.

கப்பல் டாக்டரம்மா ஈ.சி.ஜி. தாளை ரெண்டு தடவை பார்த்துட்டு, "இதயம் நல்லா இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல"ன்னாங்க. அப்பத்தான் இவ நாற்காலியில உக்காந்தா. உக்காந்து, ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டு அழுதா. நாலு பாயிண்ட் போனதுக்கு அழல. நான் பிழைச்சதுக்கு அழுதா. அங்கயே செத்துடலாம் போல இருந்துச்சு எனக்கு.

அந்த நேரம் பார்த்து, பாடத்துக்கு இடைவேளை விட்டுட்டு நெட்டையன் உள்ள வந்தான். கையில ஒரு படிவம்.

"சார், எப்படி இருக்கீங்க? நல்லவேளை!" என் கையைப் பிடிச்சு அமுக்கிட்டு அவ பக்கம் திரும்பினான். "டோஸ், பாயிண்ட் போகாது. விதியிலயே வழி இருக்கு. குடும்பத்துல திடீர்னு உடம்புக்கு முடியலைன்னா, விட்ட பாடத்தை அன்னைக்கே தனியா எடுத்து ஈடு கட்டலாம். டாக்டர் எழுதணும், சார் கையெழுத்து போடணும். அவ்வளவுதான்."

டாக்டரம்மா படிவத்தைப் பார்த்து, "நெஞ்சுவலின்னு வந்தார், பரிசோதிச்சேன்னு நான் எழுதறேன். வலி இருந்துச்சுன்னு இவர் கையெழுத்து போடட்டும்"ன்னு சொல்லி, எழுதி, பேனாவை என்கிட்ட நீட்டினாங்க.

வலி இருந்துச்சு. ஒரே வரி. கீழ கோடு போட்டு இடம் விட்டிருக்கு. கையெழுத்து போட்டா அவ லைசென்ஸ் பிழைச்சுது. பேனாவை வாங்கிட்டேன். முள்ளைக் கோட்டு மேல வெச்சுட்டேன்.

நெட்டையன் இவ தோளைத் தட்டினான். "மதியம் சாப்பிட்டுட்டு வா. நாலு மணி நேரமும் நானே உனக்குத் தனியா உக்காந்து எடுத்துடறேன். உன் பேச்சையும் நான் கேக்கிறேன்."

இவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு அவனைப் பார்த்தா. சாமியைப் பார்க்கிற மாதிரி பார்த்தா. நான் கெடுத்ததை அவன் வந்து சரி பண்றான். அந்த ஆளோட தனியா, நாலு மணி நேரம்!

பேனாவைக் கீழ வெச்சேன். "எனக்கு வலியே இல்ல. சும்மாதான் சொன்னேன்."

கேக்கிறவங்க நினைப்பாங்க, மனசாட்சி உறுத்தி உண்மையைச் சொல்லிட்டான்னு. அடச்சீ! மனசாட்சியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அவன் கையால அவளுக்கு ஒரு நல்லது நடக்கக்கூடாதுன்னு சொன்னேன். என் வாழ்க்கையில நான் பேசின உண்மைகள்லயே கேவலமான உண்மை அதுதான்.

டாக்டரம்மா படிவத்தை எடுத்து ரெண்டாக் கிழிச்சாங்க. நெட்டையன் தரையைப் பார்த்தான். அப்புறம் அவ காலர்ல இருந்த மைக்கைக் காட்டி, "அதை மட்டும்..."ன்னு மெதுவா கேட்டான். அவ கழட்டிக் குடுத்தா. அவன் போயிட்டான். டாக்டரம்மாவும் பக்கத்து ரூமுக்குப் போயிட்டாங்க.

இவ கத்துவான்னு காத்திருந்தேன். கத்தியிருந்தா எனக்குச் சௌகரியமா இருந்திருக்கும்.

"பொய் சொன்னீங்க. அதைக்கூட மன்னிச்சிருப்பேன்"ன்னா. "ஆனா உங்க முகம் எனக்குத் தெரியாதா? இப்ப சொன்ன நிஜத்தையும் என்னைக் கெடுக்கத்தானே சொன்னீங்க?"

நான் நெஞ்சுல இருந்த ஒயரைத் தடவிக்கிட்டிருந்தேன்.

"லைசென்ஸ் போனா போகட்டும். பரீட்சை எழுதி வாங்கிக்குவேன். எனக்குப் படிக்கத் தெரியும். ஆனா என்னையும் ஒரு ஆளா மதிச்சு, வந்து பேசுன்னு ஒரு பத்து நிமிஷம் குடுத்தாங்கல்ல, அதை எந்தப் பரீட்சை எழுதி வாங்குறது?"

எழுந்து முகத்தைக் கழுவினா. கண்ணாடி பார்க்காமலே முடியை ஒதுக்கிக்கிட்டா.

"எங்க போற?"

"வகுப்புக்கு. இன்னும் ஒண்ணரை மணி நேரம் பாடம் இருக்கு."

"இனிமே போனா பாயிண்ட் வராதேம்மா."

"தெரியும்."

"நானும் வரட்டுமா? பின்னால ஓரமா உக்காந்துக்கிறேன்."

"வேண்டாங்க"ன்னா. கோபமே இல்லாம சொன்னா. "நீங்க அங்க இருந்தா நான் பாடத்தைக் கேக்க மாட்டேன். உங்களையேதான் பார்த்துக்கிட்டிருப்பேன், எப்ப எழுந்து என்ன பண்ணுவீங்களோன்னு. இத்தனை வருஷமும் அப்படித்தான் இருந்திருக்கேன்."

என் நெஞ்சுல ஒட்டின ஒயரை ஒவ்வொண்ணா, வலிக்காம எடுத்து விட்டா. சட்டையை மடியில வெச்சா. அப்புறம் போயிட்டா. இந்தத் தடவை அவ ஓடல, நடந்துதான் போனா.