காயாத நீலம்

எங்கள் பெயிண்ட் தொழிற்சாலையில், வாடிக்கையாளர் காட்டும் நிறத்தை அச்சு அசலாகக் கலந்து கொண்டுவருவது என் வேலை. அந்த வித்தை என் ஒருவன் கண்ணில் மட்டும் இருந்தது மேலாளரை உறுத்தியது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் விளக்கெண்ணெய்.

"நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? ஒரு வாரம் லீவுல போங்க. யார் கேட்டாலும் எதுவும் சொல்லக் கூடாது. அவர் தனியா சமாளிக்கறாரான்னு பார்ப்போம்."

அவர் என்றது என் தங்கை கணவனை. நான்தான் எனக்கு உதவியாளாக உள்ளே சேர்த்துவிட்டேன். அவன் சமாளித்துவிட்டால் ஒரு ஆள் போதும். அவன் சம்பளம் குறைவு. விளக்கெண்ணெய் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்?

லீவின் நடுவில் ஒரு மதியம் அவன் என் வீட்டுக்கு வந்தான். பையிலிருந்து மூன்று தகடுகளை எடுத்தான். ஒன்று வாடிக்கையாளர் கொடுத்த நிற மாதிரி. மற்ற இரண்டும் காலையில் அவன் பூசியவை, இன்னும் சரியாகக் காயவில்லை.

"சாயங்காலம் லாரி வந்துடும் மச்சான். எதை அனுப்பறது?"

"இங்க வந்தது தெரிஞ்சா வேலை போயிடும் மாப்பிள்ளை."

"தப்பா அனுப்பினாலும் போயிடும். சொல்லுங்க."

ஜன்னலோரம் கொண்டுபோனேன். ஒரு தகடு மாதிரியோடு ஒட்டிப் பிறந்தது போல இருந்தது. இன்னொன்று வெளிறியிருந்தது. ஒரு கணம் என் வேலையை நினைத்தேன். பிறகு வெளிறியதை நீட்டினேன்.

"இதுவா? விளையாடாதீங்க."

"இந்த நீலம் காயறப்போ மத்த நிறங்களைவிட அதிகமா கறுக்கும். காஞ்சா சரியா வந்துடும்."

"இத்தனை வருஷத்துல இதைச் சொன்னதே இல்லையே?"

சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை. கை தானாகச் செய்வது வாயில் எங்கே வருகிறது? அதைத்தான் சொன்னேன். எனக்கே சால்ஜாப்பு மாதிரி இருந்தது.

அவன் சிரித்தான். "உங்க இடத்துல நான் இருந்தாலும் இப்படித்தான் சொல்லியிருப்பேன். கோபமில்லை மச்சான். வயித்துப் பொழைப்பு."

"என் பையன் மேல சத்தியம்டா."

"அவனை எதுக்கு இழுக்கறீங்க?" என்று தகடுகளை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அவன் மற்றதைத்தான் அனுப்பினான். அத்தனை டின்னும் திரும்பி வந்தன. விளக்கெண்ணெய் போனில் குழைந்தார்.

"உடனே வாங்க சார். அவரை வேலையை விட்டு அனுப்பியாச்சு. வேற ஆள் போடறேன். இந்தத் தடவையாவது ஒளிக்காம சொல்லிக் குடுங்க."

அன்றே தங்கை வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தாள்.

"நான் சரியானதைத்தான் சொன்னேன்மா."

"சொன்னீங்க அண்ணா. அவர் நம்ப மாட்டார்னு தெரிஞ்சுதானே சொன்னீங்க?"

இல்லை என்றேன். அதற்குள் கதவைச் சாத்திவிட்டாள்.